பேரிங் வந்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால். கல்யாண மண்டபத்து வாசலில் வாழை மரமும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. கூட்டம் மட்டும் முகூர்த்தக் கூட்டம். தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கும் முந்நூறு பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த ஐந்நூறு பெரியவர்கள். அத்தனை பேர் வாயிலும் ஒரே கேள்வி: "பேரிங் வந்துவிட்டதா?"

யாருக்கு எதிரில் யார், எந்த போர்டு, வெள்ளையா கறுப்பா என்று சொல்லும் பட்டியலுக்குத் தமிழ்நாட்டுச் சதுரங்கப் போட்டிகளில் பேரிங் என்று பெயர். அது தாமதமானால் கணினி மேசையில் உட்கார்ந்திருப்பவன்மேல்தான் எல்லோருடைய பார்வையும் விழும். சில ஆண்டுகளாக அந்த நாற்காலியில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்டியலைக் கணக்கிடக் கணினிக்குச் சில விநாடி போதும். தாமதம் அதற்கு முன்னாலோ பின்னாலோதான் ஒளிந்திருக்கிறது. முன்னால் பதிவுப் படிவம், பின்னால் வைஃபை.

படிவத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் முதல் கட்டம் பெயர். தொல்லையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே பையன் பள்ளியில் எஸ். கார்த்திக், ஆதாரில் கார்த்திக் எஸ்., பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து கூடும் அல்லது குறையும். மூன்றும் ஒரே ஆள் என்று அவன் பாட்டிக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எனவே பெயரை நம்பி எந்தப் பட்டியலையும் கட்டக் கூடாது. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அடையாள எண் தருகிறது. நல்ல படிவம் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கும். எண்ணைத் தட்டியதும் பெயரும் ரேட்டிங் என்ற திறன் மதிப்பெண்ணும் பிறந்த ஆண்டும் ஃபிடேயின் பட்டியலிலிருந்து தாமாக வந்து நிற்கும். "இது உங்கள் பிள்ளைதானா?" என்று மட்டும் படிவம் கேட்டால் போதும். தட்டச்சு செய்ய எதுவும் மிச்சம் இல்லாத இடத்தில் எழுத்துப் பிழைக்கும் வேலை இல்லை.

எண் இல்லாத புதுப் பிள்ளைகளிடம்தான் பிறந்த தேதி வாங்க வேண்டும். அதை ஒரே கட்டத்தில் எழுதச் சொன்னால் வினை. 03/04/2014 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செல்லுக்கு அது மார்ச் 4. 25/04/2014 என்று எழுதினால் 25-ஆவது மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி எழுத்து, தேதியானவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறியவை. ஆண்டு மாறாது என்பதால் வயதுப் பிரிவு தப்பிக்கும்; 2025-இல் 11 வயதுக்குட்பட்டோர் என்றால் 2014 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், அவ்வளவுதான் விதி. ஆனால் தவறான பிறந்த நாளோடு அடையாள எண் வாங்கிவிட்டால், பிறகு பெற்றோர் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டமாக வைத்தால் இந்தக் கதை முளைப்பதே இல்லை.

அடுத்தது பணம். யு.பி.ஐ. வந்தபின் கட்டணம் செலுத்துவது எளிதாகிவிட்டது, சரிபார்ப்பது கடினமாகிவிட்டது. சிறிய போட்டிகளில் இன்னமும் பணம் அனுப்பிய திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். படத்தில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை யாரோ ஒருவர் எக்செல்லில் ஏற்றுவார். எக்செல் அதை 4.31E+11 என்று பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பத்தியை முன்கூட்டியே 'எழுத்து' என்று மாற்றி வைத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் கை சுட்டுக்கொண்டவர்கள். நானும்தான்.

முறையான ஏற்பாட்டில் பணம் வந்த செய்தி பெற்றோரின் கைப்பேசி வழியாக வருவதில்லை. கட்டணச் சேவையின் சர்வர் பதிவுத் தளத்தின் சர்வருக்கு நேராகத் தகவல் அனுப்பும். பணம் போன நொடியில் கைப்பேசியில் சிக்னல் போய்விட்டாலும் பதிவு நிற்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பதில் வராவிட்டால் அந்தச் சேவை அதே தகவலை மறுபடியும் அனுப்பும். தளம் அதை இரண்டு பதிவாக எண்ணிவிடக் கூடாது. பரிவர்த்தனை எண் ஏற்கெனவே இருந்தால் பேசாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

முந்நூறு இடத்தில் கடைசி ஓர் இடம் மிச்சமிருக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? சாதாரணமாக எழுதிய நிரல் முதலாமவருக்காக "இடம் இருக்கிறதா?" என்று பார்க்கும், இருக்கிறது. அவர் பெயரை எழுதுவதற்குள் இரண்டாமவருக்காகவும் பார்க்கும், இன்னும் இருக்கிறது. முடிவில் 301 பேர். இதற்கு நம் ஊர் பஸ்ஸிலேயே தீர்வு இருக்கிறது: ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. படிவத்தைத் திறந்து பணம் கட்டப் போகும்போதே தரவுத்தளம் அந்த இடத்தில் அவருடைய துண்டைப் போட்டுவிடும். பத்து நிமிடத்துக்குள் பணம் வராவிட்டால் துண்டை எடுத்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு துண்டு விழாமல் பார்ப்பதும், பார்த்து எழுதும் இரண்டு வேலையையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாகச் செய்வதும் தரவுத்தளத்தின் பொறுப்பு.

இவ்வளவும் சரியாக இருந்தால் காலையில் பேரிங் உடனே வந்துவிட வேண்டும் அல்லவா? வராது. வருகைப் பதிவு முடிய வேண்டும். வராத பிள்ளையைப் பட்டியலில் விட்டுவைத்தால் அவனுக்கு எதிராக உட்காருபவன் ஆடாமலே ஒரு புள்ளி வாங்குவான். ஆடாத ஆட்டம் ரேட்டிங் கணக்கிலும் சேராது. ஒரு பள்ளியில் நடந்த போட்டியில் பெயரும் இனிஷியலும் ஒன்றாகவே இருந்த இரண்டு சிறுமிகள் பதிந்திருந்தார்கள். ஒருத்தியின் கட்டணம் மற்றவள் கணக்கில் ஏறியிருந்தது. பணம் கட்டிய பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், கட்டாத பெண் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். முதல் சுற்றைக் கலைத்து மறுபடி பேரிங் போட்டு ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் பிடித்தது. படிவத்தில் அடையாள எண் கேட்கவில்லை. படிவம் தயாரித்தவன் நான்.

இனி அந்தச் சில விநாடிக் கணக்கு. முந்நூறு பேரில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஆட வேண்டுமென்றால் 299 சுற்று வேண்டும். 1895-இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக்கில் நடந்த போட்டியில் வேறு வழியைக் கையாண்டார்கள். அதனால்தான் அதற்கு ஸ்விஸ் முறை என்று பெயர். முதல் சுற்றில் ரேட்டிங் வரிசையை நடுவில் வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு கோப்பார்கள்: 1-க்கு 151, 2-க்கு 152. அடுத்த சுற்றிலிருந்து ஒரே புள்ளியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர். ஒவ்வொரு சுற்றும் முன்னணிக் கூட்டத்தை ஏறக்குறையப் பாதியாக்கும். ஒன்பது முறை இரட்டித்தால் 512 என்பதால், 300 பேருக்கு ஒன்பது சுற்று போதும்.

நிபந்தனைகள்தான் கணக்கைக் கடினமாக்குகின்றன. ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை ஒரே நிறம் வரக் கூடாது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவருக்கு 'பை' (bye), அதாவது அந்தச் சுற்றில் எதிராளி இல்லாத ஓய்வு, கொடுத்து உட்காரவைக்க வேண்டும், அதே ஆளுக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது. பத்துப் பேரை ஜோடி சேர்க்க 945 வழிகள் உண்டு. இருபது பேர் என்றால் 65 கோடியைத் தாண்டிவிடும். முந்நூறு பேருக்கு எண்ணுவதையே விட்டுவிடலாம். அத்தனை வழியையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமலே சிறந்த ஜோடிகளைக் கண்டுபிடிக்கும் முறையை ஜாக் எட்மண்ட்ஸ் என்ற கணிதவியலாளர் 1965-இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த கணக்கு முறைகளை வைத்துப் பேரிங் போடும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. விதிகள் மிகத் துல்லியமானவை. ஒரே தரவைக் கொடுத்தால், விதிப்படி இயங்கும் எந்த மென்பொருளும் ஒரே பட்டியலைத்தான் தர வேண்டும். "என் பையனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ஆள்?" என்று சண்டைக்கு வரும் அப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயன் இருந்ததில்லை.

நம் போட்டிகளில் பெரும்பாலும் பார்ப்பது ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் ஹெர்சோக் எழுதிய ஸ்விஸ்-மேனேஜர் என்ற மென்பொருள். அதிலிருந்து ஒரு சொடுக்கில் பட்டியல், போட்டி விவரங்களை வெளியிடும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்துக்கு ஏறும். பேரிங் போடும் வேலைக்கு இணையம் தேவையே இல்லை. ஊருக்குச் சொல்லத்தான் தேவை. இந்த வேறுபாட்டை மறந்து வலையமைப்பு போடுகிறவர்கள் மதியத்துக்குள் அழுவார்கள்.

மண்டபத்து அலுவலக அறையில் ஒரு வீட்டு ரவுட்டர் இருக்கும். கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அந்த ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1 என்று தொடங்கும் ஒரு முகவரி தரும். கடைசி எண்ணாக 1 முதல் 254 வரைதான் தர முடியும், அதில் ஒன்று ரவுட்டருக்கே போய்விடும். மண்டபத்தில் இருப்பது எண்ணூறு பேர். கைப்பேசி வெளியே போனாலும் முகவரி உடனே திரும்பாது. பல ரவுட்டர்கள் ஒரு நாள் முழுக்க அதை அந்தக் கருவியின் பெயரிலேயே வைத்திருக்கும். டிபன் சாப்பிடப் போனவர் இலையில் கைக்குட்டையை வைத்துவிட்டுப் போன மாதிரி. பத்து மணிக்குள் முகவரி தீர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து நடுவரின் லேப்டாப் தூங்கி எழுந்தால் அதற்கும் இடம் இல்லை. அதே வலையில் இருக்கும் பிரிண்டரோடுகூடப் பேச முடியாது. பட்டியல் திரையில் தயார், தாளில் வராது.

முகவரி போதுமான அளவு இருந்தாலும் காற்று போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். வெறும் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை அருமையாக வேலை செய்த வைஃபை, ஞாயிறு காலை கூட்டம் நிரம்பியதும் படுத்துவிடுவது இதனால்தான்.

நான் இப்போது செய்வது இது: பேரிங் லேப்டாப், பிரிண்டர், முடிவுகளை ஏற்றும் இரண்டாவது லேப்டாப் மூன்றையும் கேபிளில் ஒரு சிறிய நெட்வொர்க் சுவிட்சில் இணைத்து, நிலையான முகவரி கொடுத்துவிடுகிறேன். மண்டபத்து வைஃபைக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. இணையத்துக்குத் தனியாக ஒரு சிம் ரவுட்டர், அது ஆள் உயரத்துக்கு மேலே, தூணில். அதற்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று கட்டாயம், மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கச் சில விநாடிதான், ஆனால் அந்தச் சில விநாடியில் அணைந்த ரவுட்டர் மறுபடி எழுந்து வர ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். சுவரில் நான்கு இடத்தில் அச்சடித்த தாள். ரேப்பிட் எனும் ஒன்பது சுற்று விரைவு ஆட்டப் போட்டியில் சுற்றுக்குப் பத்து நிமிடம் வீணானால் கடைசியில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். பரிசளிப்புக்கு வரும் சிறப்பு விருந்தினர் அவ்வளவு நேரம் பொறுக்க மாட்டார்.

முடிவுகள் தாள் துண்டில் வருகின்றன, இரண்டு பிள்ளைகளின் கையெழுத்தோடு. ஒருவர் சத்தமாகப் படிக்க, ஒருவர் தட்ட வேண்டும். தனியாகச் செய்தால் அறுபதாவது துண்டுக்கு மேல் வெள்ளையும் கறுப்பும் இடம் மாறத் தொடங்கிவிடும்.

இந்தத் துண்டே தேவைப்படாத மேசைகளும் உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. அணிக்கு நான்கு போர்டு என்றால் ஒரு சுற்றில் 376-உம் 324-உமாக 700 ஆட்டம். நகர்வுகளைத் தானே படிக்கும் மின்னணுப் பலகைகள் அங்கே இருந்தன. தொடங்கச் சில நாள் முன்பு அதே அரங்கில் ஒரு ரேப்பிட் போட்டியை ஒத்திகையாக நடத்திப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் அந்த ஒலிம்பியாடின் மிகப் புத்திசாலித்தனமான நகர்வு.

டி.ஜி.டி. என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் பலகையில் கட்டங்களுக்கு அடியில் கம்பிச் சுருள்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு காயின் அடிப்பாகத்திலும் பேட்டரி இல்லாத சிறு சுருள் ஒன்று இருக்கிறது. வெள்ளைக் குதிரைக்கு ஓர் அதிர்வெண், கறுப்பு ராணிக்கு வேறொன்று. பலகை அலை அனுப்பும்போது காய் தன் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்ந்து பதில் சொல்லும். எந்தக் கட்டத்தில் எது நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததை எப்படித் தெரிவிப்பது? இரண்டு ராஜாக்களையும் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டங்களில் வைத்தால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களில் வைத்தால் கறுப்புக்கு, ஆளுக்கொரு நிறம் என்றால் டிரா. நேரலையை வேண்டுமென்றே பதினைந்து நிமிடம் பிந்தி விடும் வழக்கமும் பெரிய போட்டிகளில் இருக்கிறது. வெளியே கணினியோடு உட்கார்ந்திருப்பவர் உள்ளே இருப்பவருக்குச் சைகை காட்டினாலும் அதற்குள் அந்த நிலை பழசாகிவிடும்.

நம் மண்டபத்தில் ஒன்பதாவது சுற்றும் முடிந்து, நாற்காலிகளை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே ஃபிடேவுக்கான கோப்பு தயாராகும். இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு வருவது ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. ஆளுக்கு ஒரு வரி, 001 என்று தொடங்கும். 15-ஆவது இடத்திலிருந்து 47 வரை பெயர், 49 முதல் 52 வரை ரேட்டிங், 58 முதல் 68 வரை அடையாள எண், 70 முதல் 79 வரை பிறந்த தேதி. அதன்பின் சுற்றுக்கு ஒன்றாக எதிரியின் எண், நிறம், முடிவு. ஓர் இடைவெளி பிசகினால் பெயரின் வால் போய் ரேட்டிங்கில் விழும். துளை அட்டைக் காலத்து ஒழுங்கு; எந்தக் கணினியிலும் திறக்கும் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

ரேட்டிங் மாதத்தின் முதல் தேதி வெளியாகும். ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருந்தால்தான் புதியவர்களுக்கு ரேட்டிங் கிடைக்கும். 2024 மார்ச் முதல் 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது. போன மாதம் ஒன்றாம் தேதி காலையில் ஓர் அப்பா தொலைபேசியில் அழைத்தார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு முதல் ரேட்டிங் வந்திருந்தது. வாழ்த்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"எண்ணெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சார். பெயருக்குப் பின்னால் என் எழுத்தைக் காணோமே?"