செக்ரோலில் பதிந்த மழை

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிரே, செபராங் பிறை ரப்பர்த் தோட்டங்களில் அக்காலத்தில் விடியுமுன் பிரட்டு (ஆள் கணக்கு) எடுப்பார்கள். யார் வந்தார், என்ன வேலை என்று கிராணி (தோட்ட எழுத்தர்) செக்ரோலில் குறிப்பார். கூலி போடுவதற்கான ஏடு அது. ஆனால் இருபது முப்பது ஆண்டுச் செக்ரோல்கள் வரிசையாகக் கிடைத்தால், அவற்றிலிருந்து மழையின் வரலாற்றையும் எடுக்க முடியும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தோடு வழிந்துவிடும். மங்கில் (பால் விழும் கிண்ணத்தில்) சேர்ந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். அதனால் மழைக் காலையில் மரம் வெட்டமாட்டார்கள் (பாலெடுக்கப் பட்டையைக் கீறுவதுதான் தோட்டத்தில் ‘மரம் வெட்டு’).

பருவநிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். மழைமானிக் கணக்கு இல்லாத ஆண்டுகளுக்கு ஏடுகள்தாம் துணை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் 1789 முதல் 1834 வரையான நாட்குறிப்புகளிலிருந்து காற்றழுத்தமும் வெப்பநிலையும் இப்படித்தான் திரட்டப்பட்டன. அங்கே எண்கள் ஆயத்தமாக இருந்தன. செக்ரோலிலும் செய்தித்தாளிலும் இருப்பவை சொற்கள்.

சொல்லை எண்ணாக்கும் முறை இது. ஒவ்வொரு மாதத்துக்கும் −3 முதல் +3 வரை மதிப்பெண்: கடும் வறட்சி −3, வழக்கமான மாதம் 0, பெருமழை +3. இருவர் தனித்தனியே படித்து மதிப்பிட வேண்டும். வேறுபட்டால் சராசரி எடுத்து மறைக்காமல், அந்த வேறுபாட்டையே ஐயத்தின் அளவாகக் குறிக்க வேண்டும். பிறகு ஏடும் மழைமானியும் சேர்ந்து கிடைக்கும் ஆண்டுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மதிப்பெண்ணை மழையளவாக்கும் விதியை உருவாக்கி மறுபாதியில் சோதிக்க வேண்டும். சோதனையில் தோற்ற ஏட்டை வைத்துப் பழைய மழையைக் கணிக்கக் கூடாது.

தவறுகள் பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை, வாசிப்பில்தான் நேர்கின்றன. செக்ரோல் காட்டுவது காலை மழையை மட்டும். மலாயாவின் மேற்குக் கரையில் மழை மிகுதியும் பிற்பகலில் பெய்யும். அது மரம் வெட்டைத் தடுக்காது. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ரா’ புயற்காற்று மழையோ ஏட்டில் அளவுக்கு மீறித் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்க்கும்போது பால் குறையும். அதை வறட்சி என்று எடுத்தால் ஆண்டுதோறும் பொய்யான வறட்சி வரும். 1922 நவம்பர் முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டப்படி ரப்பர் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது, அதனால் உற்பத்தியும் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் வெட்டாத நாளுக்கெல்லாம் மழையைக் காரணமாக்க முடியாது.

சொல்லுக்கும் ஊர் உண்டு. பினாங்கில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் சராசரி ஆயிரத்தையும் தொடாது. இங்கே பிறந்தவர் ‘காய்ச்சல்’ (வறட்சி) என்று எழுதும் மாதம், இராமநாதபுரத்திலிருந்து வந்து இறங்கியவருக்கு நல்ல மழைக்காலம். எழுதியவர் யார், எத்தனை ஆண்டு இங்கே இருந்தவர் என்று தெரியாமல் மதிப்பெண் போடக் கூடாது.

பினாங்குத் தெருவில் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்திருந்த செட்டியார்களின் கணக்கேடுகளில் இன்னொரு பொறி உண்டு. ‘தாது வருஷம் ஐப்பசி’ என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்துக் கடன் எழுதியிருந்தால் 1876 இல்லை. மலாயாவில் ரப்பர் தோட்டப் பயிரானது 1890-களில்தான். அதற்கு முன் செபராங் பிறையில் கரும்பு.

அந்த முதல் தாது வருஷம் தமிழ்நாட்டில் பஞ்ச ஆண்டு. 1876-இல் மழை பொய்த்தது. 1877-இல், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடேறும் எல் நினோவும் கடுமையாகச் சேர்ந்துகொண்டது. கடல் வெப்பத்தைக் கொண்டு மழைக்குறைவை விளக்கலாம். இத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்பதற்கு அது விடையாகாது. பஞ்சத்தின் நடுவிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்களின் எண்ணிக்கையையும் மழையளவாக வாசிக்க முடியாது: அதில் வறட்சி, விலைவாசி, கரும்புத் தோட்டத்தின் ஆள்தேவை, ஆள் பிடித்தவர் கொடுத்த முன்பணம் எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கப் பயணிப் பட்டியல், தானிய விலை, ஒப்பந்தச் சீட்டு மூன்றையும் ஒரே மாதத்துக்கு அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.