டூட்டி முடிந்தும் தூங்காத மூளை

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரி கொரோனா பட்டியலில் ராயபுரம்தான் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்தது. தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தன. அந்தப் பட்டியலில் இருந்த நோயாளிகளைப் பற்றி அன்று நிறையப் பேசினோம். அவர்களைப் பார்த்துக்கொண்ட செவிலியர், டாக்டர், லேப் டெக்னீஷியன், வார்டு ஆயா, தூய்மைப் பணியாளர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரின் மனதுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. பேசியபோதும் "தைரியமாக இருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அவர்களுக்கு நேர்ந்தது தைரியக் குறைவே இல்லை. உடலில் நடக்கும் வேதியியல் அது, படிப்படியாக விளக்கக்கூடியது.

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை நொடிகளில் முடிந்துவிடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், கண் கூர்மையாகும். இரண்டாவது கொஞ்சம் நிதானமானது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி அதைச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குக் கடத்தும். அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். அது சர்க்கரையை ஏற்றி, தாக்குப்பிடிக்கத் தேவையான ஆற்றலைக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டின் அழகே, அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க ஒரு சுவிட்ச் வைத்திருப்போமே, அதைப் போல ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மூளை அதைக் கண்டுகொண்டு 'போதும்' என்று சொல்லிவிடும்.

இது சில நிமிட ஆபத்துக்கு, போனால் சில மணி நேர ஆபத்துக்கு உருவான ஏற்பாடு. வாரக்கணக்கில் ஆபத்து நீங்காமல் இருந்தால் அந்த 'போதும்' என்ற செய்தி மழுங்கிப்போகிறது. சிலருக்கு கார்டிசால் இறங்க வேண்டிய இரவிலும் இறங்குவதில்லை. சிலருக்குக் காலையில் எழும்போது ஏற வேண்டிய அளவுகூட ஏறாமல், எழுந்ததிலிருந்தே உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். ப்ரூஸ் மெக்கீவன், எலியட் ஸ்டெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு கருத்துருவம் கொடுத்தார்கள். சமாளிப்பதற்கே உடல் கொடுக்கும் விலை ஒன்று இருக்கிறது, அது சேர்ந்துகொண்டே போகும் என்பதுதான் அதன் சாரம்.

இனி கொரோனா வார்டை நினைத்துப் பாருங்கள். முழு பாதுகாப்பு உடை போட்டால் மணிக்கணக்கில் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. சென்னை மே மாத வெயிலில் உள்ளே உடம்பு நனைந்து ஊறும். யார் முகமும் தெரியாது, உடையின் மேல் எழுதிய பெயரை வைத்துத்தான் அடையாளம். அப்புறம் நைட் டூட்டி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறைகின்றன என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அந்த அளவு களைப்போடு ஒருவர் மருந்தின் அளவைக் கணக்கிட்டு ஊசி போட வேண்டியிருந்தது. இதைத் தனிமனிதப் பொறுப்பு என்று எப்படி விடுவது?

வடசென்னையில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஸ்டான்லி மருத்துவமனையை இங்கே பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1782 பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. இந்தப் பகுதி அரசு மருத்துவமனைகளின் கடைநிலைப் பணியாளர்களில் பலர் சுற்றுவட்டாரத்திலேயே, ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீடுகளில் இருப்பவர்கள். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் 'தனி அறையில் இருங்கள்' என்ற அறிவுரைக்கு அர்த்தம் கிடையாது. வயதான மாமியாரும் கைக்குழந்தையும் அதே அறையில்தான் படுப்பார்கள். தனக்கு வந்துவிடுமோ என்பதைவிட, தன்னால் வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் உலகம் முழுக்க மருத்துவப் பணியாளர்களை அதிகம் வாட்டியது. ஆக, வார்டை விட்டு வெளியே வந்தும் மூளைக்கு ஆபத்து முடியவில்லை. வீட்டு வாசலில் அது மறுபடி தொடங்கியது.

களைப்பும் பயமும் ஒரு பக்கம். என் கணிப்பில், நீண்ட காலம் தங்கும் காயம் வேறு வகையானது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, அவர்களில் பலரை வாட்டியது பயமல்ல, 'செய்யக்கூடாதது நடந்துவிட்டது' என்ற உணர்வு என்பதைக் கவனித்தார். இதை அறக்காயம் எனலாம். 2018-இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கும் இதே காயம் ஏற்படுகிறது என்று எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளில் கொரோனா வந்தது.

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னை அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஆக்சிஜன் படுக்கை ஒன்று, காத்திருப்பவர்கள் பலர். யாரை உள்ளே எடுப்பது என்று முடிவு செய்தவர் அந்த முடிவோடுதான் வீட்டுக்குப் போனார். இறக்கும் தறுவாயில் இருந்தவரின் மகளுக்குத் தன் செல்போனில் வீடியோ கால் போட்டுக் காட்டிய செவிலியர், அந்த மகளின் குரலையும் எடுத்துக்கொண்டுதான் போனார். முறையாகப் பார்த்து, தொட்டு, வழியனுப்ப வேண்டிய ஒரு சாவை பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டிய கைகளுக்கு, விதிமுறைப்படிதான் செய்தோம் என்ற விளக்கம் போதாது. போதாதது நியாயமும்கூட. அந்த வலி அவர்களின் மனசாட்சி வேலை செய்ததற்கு அடையாளம்.

வெளியிலிருந்தும் காயம் வந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது அதே ஏப்ரல் 22-ஆம் தேதி. கை தட்டிய ஊரே கல்லும் எறியும் என்பதை அந்த வாரம் ஒவ்வொரு மருத்துவப் பணியாளரும் பார்த்தார்.

இதெல்லாம் ஏன் அலை ஓய்ந்த பிறகு வெளிவருகிறது? நெருக்கடியில் சுரக்கும் நார்அட்ரினலின், பயந்த கணத்தை மூளையில் ஆழமாகப் பதிக்கிறது. அதே நேரத்தில், 'இது எங்கே, எப்போது நடந்தது' என்று குறித்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி கடும் அழுத்தத்தில் சரியாக வேலை செய்வதில்லை. விளைவு, தேதி போடாத நினைவு. ஐ.சி.யூ. மானிட்டரில் நோயாளியின் ஆக்சிஜன் குறையக் குறைய பீப் ஒலியின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே செவிலியர்கள் அதைக் காதால் கண்டுபிடிப்பார்கள். இரண்டு வருடம் கழித்து எங்கோ ஒரு மெஷின் அதே சுருதியில் ஒலித்தால் உள்ளங்கை வியர்க்கும். வேலை ஓடிக்கொண்டிருந்தவரை அடுத்த நோயாளி இருந்தார், நினைக்க நேரமில்லை. ஓய்வு கிடைத்ததும் மூளை பாக்கியை எடுத்து வைக்கிறது.

இதற்கு ஆதாரம் கொரோனாவுக்கு முன்பே இருந்தது. 2003-இல் கனடாவின் டொரன்டோவை சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் தாக்கியது. ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள், சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த டொரன்டோ மருத்துவமனைப் பணியாளர்களை, சார்ஸ் வராத ஹாமில்டன் நகரப் பணியாளர்களோடு ஒப்பிட்டார்கள். டொரன்டோக்காரர்களிடம் மன உளைச்சலும் பணிச்சோர்வும் தெளிவாக அதிகம். பலர் நோயாளிகளோடு நேரடித் தொடர்பைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். போதுமான பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தது என்று உணர்ந்தவர்களுக்கோ பாதிப்பு குறைவு. சீனாவில் 2020 தொடக்கத்தில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மூன்றில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டிருந்தது. பெண்களும் செவிலியர்களும் முன்வரிசையில் நின்றவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

சரி, என்ன செய்தால் பலன் இருக்கும்? நெருக்கடி முடிந்ததும் எல்லோரையும் ஒரே ஒரு முறை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வது நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட ஒற்றை அமர்வு பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்கு அதிகமாக்கவும் கூடும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2002-லேயே சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் யோகா வகுப்பும் ஒரு பொன்னாடையும் இந்தக் காயத்தைத் தொடுவதில்லை. தொடுவது ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது டூட்டி என்ற பட்டியல். இரண்டு டூட்டிக்கு நடுவே முழுத் தூக்கத்துக்கு இடம், அடுத்தடுத்து வரும் நைட் டூட்டிகளுக்கு ஒரு வரம்பு, வார்டுக்குப் பக்கத்தில் படுக்க ஓர் அறை, புதியவரோடு அனுபவசாலி ஒருவரைச் சேர்த்து அனுப்புவது. யாருக்குப் படுக்கை என்ற முடிவை ஒரே டாக்டரின் தலையில் கட்டாமல் குழுவாக எடுத்து எழுதிவைப்பது. இவையெல்லாம் மனநல சிகிச்சைதான் என்பது என் உறுதியான கருத்து. பணிப் பாதுகாப்பையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பலரின் வேலை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த மாதச் சம்பளம் உறுதியில்லாத மூளை எப்படி 'ஆபத்து முடிந்தது' என்று நம்பும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்றுதான் குறித்தது. மருந்து எங்கே இருக்கிறது என்பதை அந்தக் குறிப்பே சொல்கிறது. ஆனால் மனச்சோர்வும் மனக்காயமும் நோய்கள்தான், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உங்கள் வீட்டில் இந்த வேலை பார்ப்பவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல் இருந்தால், அதே கனவு திரும்பத் திரும்ப வருவதாகச் சொன்னால், முன்பு பாசமாகப் பேசிய நோயாளிகளைப் பற்றி இப்போது படுக்கை எண்ணாக மட்டும் பேசினால், "எல்லாம் சரியாப் போயிடும்" என்று முடித்துவிடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஸ்டான்லியிலேயே மனநலத் துறை இருக்கிறது. தான் வேலை செய்யும் இடத்தில் சிகிச்சைக்கு வரிசையில் நிற்க ஒருவருக்குக் கூச்சமாக இருந்தால் அதுவும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அயனாவரம் பக்கம் உள்ள அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்கு, வீட்டிலிருந்து ஒருவர் துணைக்குப் போங்கள்.