ரிங் போட்ட காலுக்கு ‘எலும்பு வளர்க்கும் ஊசி’ தேவையா?

“ஏதோ ஊசி இருக்காமே டாக்டர், போட்டா எலும்பு சீக்கிரம் கூடிடுமாமே?” குட்டையான காலை நீட்ட, காலைச் சுற்றி வெளியே பொருத்தும் இலிசரோவ் ரிங் போட்டவர்கள், ஓமலூரிலிருந்து வந்தாலும் ஏற்காட்டிலிருந்து வந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. கேட்பதில் தப்பில்லை. மாதக்கணக்கில் இரும்பு வளையத்தோடு படுத்து எழுவது லேசுப்பட்ட காரியமா?

விபத்தாலோ, சின்ன வயதில் எலும்பில் சீழ் பிடித்ததாலோ குட்டையான காலை நீட்டும் இந்த முறையை, 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசரோவ் உருவாக்கினார். எலும்பை வெட்டி, ரிங் பொருத்தி, ஒரு வாரம்போல அப்படியே விடுவோம். அப்புறம் நாளுக்கு 1 மி.மீ.; அதையும் ஒரேயடியாக இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மில்லிமீட்டராக ரிங்கின் நட்டைத் திருப்ப வேண்டும். வெட்டிய முனைகள் மெல்ல விலக, அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். 5 செ.மீ. நீட்ட 50 நாள். அது கெட்டிப்பட இன்னும் இரண்டு பங்கு நாள் ஆகலாம். ஊசிப் பேச்சு வருவது இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான்.

ஒன்று பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த ரத்தத் திரவம். டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் எல்லோருக்கும் தெரியும். உங்கள் ரத்தத்திலிருந்தே அதைப் பிரித்து இடைவெளியில் செலுத்துவார்கள். அதில் வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள் இருக்கின்றன. இன்னொன்று பிஎம்பி, அதாவது எலும்பு உண்டாகத் தூண்டும் புரதம். சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால்கூட அங்கே புது எலும்பு உண்டாகிறது என்று 1965-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டியதிலிருந்து வந்த கதை அது. அதில் ஒரு வகையான, ஆய்வகத்தில் தயாரான பிஎம்பி-2-க்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, தோல் கிழிந்த முழங்கால்கீழ் எலும்பு முறிவுக்காக. காலை நீட்டுவதற்காக அல்ல. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது. விலையும் கைக்கு அடங்காது.

இதில் முக்கியமான விஷயம், மெதுவாக இழுக்கும்போது உடம்பே அந்த இடத்தில் பிஎம்பியைச் சுரக்கிறது என்பதுதான். மேலே கொஞ்சம் ஊற்றினால் பலன் உண்டா? சில சிறிய ஆய்வுகளில் தெரிந்தது, சிலவற்றில் பெரிய வித்தியாசமில்லை. அதனால் எல்லோருக்கும் எழுதிக்கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

எக்ஸ்ரேயில் இரு முனையிலிருந்தும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இறங்கும். நடுவில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். வாரங்கள் போகப் போக அது மெலிய வேண்டும். கோடுகளே வராவிட்டால் ஊசிக்கு முன் நான் கேட்பது மூன்று: பீடி சிகரெட் உண்டா, சர்க்கரை எவ்வளவு, நட்டைத் திருப்பியதைக் குறித்து வைக்கும் நோட்டு எங்கே? நோட்டைப் புரட்டினால், சீக்கிரம் முடியட்டும் என்று நாளுக்கு ஆறு தடவை திருப்பியிருப்பார்கள். இழுவை வேகமானால் வருவது எலும்பல்ல, வெறும் நார். அப்போது வேகத்தைக் குறைப்போம், சில சமயம் பின்னோக்கியும் திருப்புவோம். அதற்கும் மசியாவிட்டால் இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்துச் செலுத்திப் பார்ப்பதுண்டு.

காலை ஊன்றச் சொன்னால் ஊன்றுங்கள், கட்டிலோடு கிடந்தால் எலும்பு கெட்டிப்படாது. ஏற்காட்டுக்காரர்கள் மழை, பனிக் காலத்தில் ரிங்கின் கம்பி தோலுக்குள் இறங்கும் இடத்தை ஈரமாக விடக்கூடாது, சீழ் வைத்துவிடும். ஆட்டுக்கால் சூப் குடிக்கலாம், ருசியாக இருக்கும்; ஆனால் முட்டையும் பயறும் தட்டில் இருக்கட்டும். போலீஸ் செலக்‌ஷனுக்கு உயரம் போதவில்லை என்று வரும் தம்பிகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், அது வேறு கதை.

ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், எலும்பு வராததாலா, சும்மா வேகப்படுத்தவா என்று கேளுங்கள். என்னிடம் வரும்போது பழைய ஃபிலிம்களையும் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் படத்தில் அந்தக் கோடுகள் சரியாகத் தெரிவதில்லை.