கோத்தகிரியில் சாம்பல், ஸ்டுட்கார்ட்டில் மஞ்சள்

போன மார்ச்சில் அக்கா மகள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். பால்கனிக் கம்பியில் ஒரு சின்னக் குருவி. கருப்புத் தலை, வெள்ளைக் கன்னம், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் டை கட்டியதுபோல ஒரு கருப்புக் கோடு. கூடவே ஒரு கேள்வி: "மாமா, நம்ம பேரிக்காய் மரத்துக்கு வருமே, அதே குருவிதானே இது? இதுக்கு யாரு மஞ்சள் பூசிவிட்டாங்க?"

கோத்தகிரியில் எங்கள் பேரிக்காய் மரத்துக்கு வருவது பட்டாணிக்குருவி. தலை, கன்னம், டை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் முதுகு சாம்பல், வயிறு அழுக்கு வெள்ளை. அவள் படத்தில் முதுகு பச்சை, வயிறு பளிச்சென்ற மஞ்சள். என்னிடம் இருந்த படத்தையும் அவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே அச்சில் வார்த்து இரண்டு சாயம் ஏற்றிய மாதிரி இருந்தது. அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறம். இறகின் கருப்பு மெலனின் என்ற நிறமியால் வருவது, அதைப் பறவையின் உடம்பே தயாரித்துக்கொள்ளும். நம் தலைமுடிக்குக் கருப்பு தருவதும் மெலனின்தான். மஞ்சள் வேறு கதை. அது கரோட்டினாய்டு வகை நிறமி, அதை எந்தப் பறவையாலும் தானாகத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இலையில் இருக்கும் லூட்டின் என்ற மஞ்சள் நிறமியைப் புழு தின்கிறது, புழுவைக் குருவி தின்கிறது, அந்த லூட்டின் கடைசியில் குருவியின் நெஞ்சில் மஞ்சளாகப் படிகிறது. ஐரோப்பாவில் புழு நிறையக் கிடைக்கும் அகன்ற இலைக் காடுகளில் வளரும் குஞ்சுகள் நல்ல மஞ்சளாகவும், ஊசியிலைக் காடுகளில் வளர்பவை கொஞ்சம் வெளிறியும் இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, முதுகின் பச்சை? அந்த இறகில் பச்சை என்று தனி நிறமி கிடையாது. மஞ்சளும் அதற்கு அடியில் இருக்கும் கருமையும் கலந்துதான் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. இப்போது ஜெர்மன் குருவியிலிருந்து அந்த மஞ்சளை மட்டும் உருவி எடுத்துவிட்டதாக நினைத்துப் பாருங்கள். வயிறு வெளுத்துவிடும், முதுகில் சாம்பல் மிஞ்சும். அதுதான் எங்கள் பேரிக்காய் மரத்துக் குருவி! முதுகு, வயிறு என்று இரண்டு இடத்தில் தெரிகிற வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று எனக்குப் பிடிபட்டபோது, அந்த இரண்டு படங்களையும் விட்டுக் கண் எடுக்கவே முடியவில்லை.

அப்படியானால் நீலகிரியில் புழு இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் மரங்கள் அடர்ந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக நின்றால், தலையில் கொண்டை வைத்த இன்னொரு பட்டாணிக்குருவி வகையைப் பார்க்கலாம், அதன் நெஞ்சு நல்ல மஞ்சள். இரண்டும் மரங்களில் புழு பொறுக்கித் தின்பவைதான். ஒன்று அந்த மஞ்சளை இறகில் சேர்க்கிறது, மற்றது சேர்ப்பதில்லை. எவ்வளவு மஞ்சள் என்பதைச் சாப்பாடு முடிவு செய்யலாம், மஞ்சளே வேண்டுமா வேண்டாமா என்பது பரம்பரையாக வருகிற விஷயம்.

ஸ்டுட்கார்ட் மஞ்சள் குருவியும் கோத்தகிரி சாம்பல் குருவியும் ஒரே பறவைதானா என்ற கேள்விக்கு வருவோம். ரொம்ப காலம் ஒரே இனம் என்றுதான் பட்டியல்களில் இருந்தது. ஐரோப்பாவில் தொடங்கி ஈரான், இந்தியா, தென்கிழக்கு ஆசியா, சீனா என்று திபெத் பீடபூமியைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஜப்பான் வரை இந்தக் குருவி இருக்கிறது. வளையத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க் குருவிகள் கலந்துகொள்ளும், ஆனால் இரண்டு நுனிகளும் ரஷ்யாவின் அமுர் ஆற்றுப் பக்கம் சந்திக்கும்போது பெரும்பாலும் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும் என்று சொல்லி, ஓர் இனம் இரண்டாகப் பிரிவதற்கு இதையே உதாரணமாகக் காட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த மரபணு ஆய்வுகள் இதை மாற்றின. இவை வெகு காலத்துக்கு முன்பே தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிட்டன, பிறகு பரவி, போன இடங்களில் மறுபடி சந்தித்திருக்கின்றன என்று தெரிந்தது. இன்று மஞ்சள் குருவி ஓர் இனம், நம் சாம்பல் குருவி வேறு இனம். ஆக, அக்கா மகளின் பால்கனிக்கு வந்தது நம் குருவியின் பங்காளி.

ஆனால் தூரம் அதிகம், அதனால் பிரிந்தது என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கொடைக்கானலில் இருக்கும் நண்பர் ஒருவர் சிரிப்பான் என்ற பறவையின் படம் அனுப்புவார். ஊட்டியில் தோட்டத்துப் புதருக்குள் கும்பலாகக் கத்திக்கொண்டு ஓடுகிற நீலகிரிச் சிரிப்பானுக்கு நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு. கொடைக்கானல் சிரிப்பானுக்கு நெஞ்சு சாம்பல், செம்பழுப்பு அதற்குக் கீழேதான். புருவத்தில் வெள்ளைக் கோடு இரண்டுக்கும் உண்டு. இவையும் வேறு வேறு இனங்கள். ஊட்டியில் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் கொடைக்கானல் போய்விடலாம், ஆனால் சிரிப்பானால் முடியாது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலம், தாழ்வான, சூடான நிலம். குளிர்ந்த மேட்டிலேயே பிறந்து, நெடுந்தூரம் பறக்காமல் புதருக்குப் புதர் தாவி வாழ்கிற பறவைக்கு அது கடல் மாதிரி. சோலைக்காட்டுத் தரையில் திரியும் சோலைக்கிளியும் (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சின்னக் குருவி) இதே கணவாயின் இரு பக்கமும் வெவ்வேறு இனமாக இருக்கிறது. 2017ல் பறவை ஆய்வாளர் வி. வி. ராபினும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்குப் புதுப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த ஒரு தொகுதி, வைத்தபோது, நம் வாயில் புழங்கும் 'சோலை'யையே எடுத்து, அறிவியல் பெயரை 'ஷோலிகோலா' என்றும் ஆங்கிலப் பெயரை 'ஷோலகிளி' என்றும் வைத்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பட்டாணிக்குருவிக்கோ இந்தக் கணவாய் தடையே இல்லை. கொடைக்கானலிலும் அதே சாம்பல் குருவிதான், சமவெளி மரங்களிலும் அதனால் வாழ முடியும்.

படங்களை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறத்தை ரொம்ப நம்பாதீர்கள், கோடுகளையும் திட்டுகளையும் நம்புங்கள். எங்கள் ஊர் மூடுபனியில் எடுத்த படம் நீலம் தட்டிப்போகும், கேமரா அதைச் சரி செய்கிறேன் என்று வெள்ளை வயிற்றில் மஞ்சள் ஏற்றிவிடும். நீலகிரி ஈப்பிடிப்பானின் நீலம் இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் அதில் நீல நிறமியே கிடையாது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் வெளிச்சத்தைச் சிதறடித்து உண்டாக்கும் நீலம் அது, வெளிச்சம் பறவைக்குப் பின்னாலிருந்து வந்தால் மங்கி இருண்டுவிடும். அப்புறம், அளவு படத்தில் தெரியவே தெரியாது. ஜெர்மன் குருவி நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரியது. குளிர் நாட்டு விலங்குகள் உருவில் பெரிதாக இருக்கும் போக்கை ஜெர்மன் உயிரியலாளர் கார்ல் பெர்க்மன் 1847லேயே எழுதிவைத்தார், உடம்பு பெரிதானால் எடைக்குத் தகுந்தபடி சூடு வெளியேறும் பரப்பு குறையும். ஆனால் ஜூம் செய்தால் எல்லாக் குருவியும் ஒரே அளவுதான்.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். முளைத்து முடிந்த இறகு உயிரற்ற பொருள், நம் நகம் மாதிரி. அந்தக் குருவி வருடத்துக்கு ஒருமுறை, குஞ்சுகளை வளர்த்து முடித்த பிறகு, கோடையின் கடைசியில்தான் இறகு மாற்றும். அதனால் அவள் மார்ச்சில் எடுத்த மஞ்சள் போன வருடக் கோடையில் சேர்ந்தது, அதற்குப் பிறகு வெயிலிலும் தேய்மானத்திலும் கொஞ்சம் வெளுத்தும் இருக்கும். செப்டம்பர் கடைசியில் அதே பால்கனியில், அதே காலை நேரத்தில், கேமராவில் எதையும் மாற்றாமல் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் பேரிக்காய் மரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.