கொள்கை இயைபு: ‘ஒருங்கிணைப்பு’ ஏன் பொருந்தாது

‘பாலிசி கோஹரன்ஸ் ஃபார் டெவலப்மென்ட்’ என்ற தொடரைக் ‘கொள்கை ஒருங்கிணைப்பு’ என்று எழுதிக் கடந்துபோகும் மொழிபெயர்ப்பு மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. இதில் ஒரு சொல் தவறு. ‘ஃபார் டெவலப்மென்ட்’ என்ற பகுதியைக் காணவே இல்லை.

பணக்கார நாடொன்று ஒரு கையால் ஏழை நாட்டுக்கு உதவி தந்துவிட்டு, வணிகம், வேளாண்மை, மீன்பிடிப்பு, குடியேற்றம் போன்ற பிற கொள்கைகளால் அந்த உதவியின் பயனை மறு கையால் பறித்துவிடக் கூடாது என்பதே இத்தொடரின் பொருள். ஐரோப்பாவில் இது 1992இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையிலேயே சட்டக் கடமையாக இடம்பெற்றது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு உடன்படிக்கையில் 208ஆம் பிரிவாக உள்ளது. ஐ.நா. 2015இல் ஏற்ற நீடித்த மேம்பாட்டு இலக்குகளில் 17.14 என்ற எண்ணில், ‘நீடித்த’ என்ற அடையோடு வருகிறது. கோஹரன்ஸ் என்பது ‘சேர்ந்து ஒட்டிக்கொள்ளுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு இவ்வளவு போதும்.

இனி ‘ஒருங்கிணைப்பு’. இச்சொல்லைத் தமிழில் ஏற்கெனவே இரண்டு வேலைகளுக்கு அமர்த்தியிருக்கிறோம். பலரையும் பல துறைகளையும் ஒரு பணியில் சேர்த்து இயக்குவது ஒன்று. ‘ஒருங்கிணைப்பாளர்’ என்பவர் செய்வது அதுதான். பலவற்றை இணைத்து ஒன்றாக்குவது மற்றொன்று. கோஹரன்ஸ் இவ்விரண்டும் அன்று. ஓஇசிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு இதுகுறித்து 2019இல் ஏற்ற பரிந்துரையே, கொள்கைகளை ஒன்றிணைப்பதையும் அரசுத் துறைகளை ஒருங்கிணைப்பதையும் இந்த நோக்கத்தை அடைவதற்கான தனித்தனி வழிமுறைகளாகக் கூறுகிறது. நோக்கத்துக்கே ‘ஒருங்கிணைப்பு’ என்று பெயர் சூட்டிவிட்ட மொழிபெயர்ப்பாளர், வழிமுறைகளுக்கு எந்தச் சொல்லைத் தேடிப் போவார்?

சொற்குழப்பத்தை விடப் பெரியது பொருட்குழப்பம். 1990களின் தொடக்கத்தில், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் தன்னிடம் தேங்கிய உபரி மாட்டிறைச்சியை ஏற்றுமதி மானியம் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர நாடுகளில் மலிவாக விற்றது. புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் நாடுகளின் மேய்ச்சல்காரர்கள் காலங்காலமாக மாடு விற்றுவந்த சந்தைகள் அவை. அதே மேய்ச்சல்காரர்களின் கால்நடை வளர்ப்பை மேம்படுத்தவும் அதே ஐரோப்பியச் சமூகமே நிதி அளித்துவந்தது. 1993இல் தொண்டு நிறுவனங்கள் இந்த முரணை அம்பலப்படுத்திய பிறகே மானியம் குறையத் தொடங்கியது. இங்கே வேளாண் கொள்கையும் ஏற்றுமதிக் கொள்கையும் ஒன்றோடொன்று மிக நன்றாகவே ஒருங்கிணைந்திருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். உபரியை உருவாக்குவது ஒன்றின் வேலை, அதை வெளியே தள்ளுவது மற்றொன்றின் வேலை. ஒருங்கிணைப்பில் குறையே இல்லை. அது மேய்ச்சல்காரரின் நலனுக்கு எதிராக அமைந்ததுதான் குறை. இதனால்தான் தொடரில் உள்ள ‘ஃபார்’ என்பதை விட்டுவிடுவதைப் பொறுக்க முடியவில்லை. எதற்காக இயைவது என்று சொல்லாத இயைபுக்குத் திசை கிடையாது.

‘ஒத்திசைவு’ என்பார் சிலர். இது ஒருங்கிணைப்பை விட நூறு மடங்கு மேல். எனினும் ‘இசைவு’ என்றவுடன் நமக்குச் சம்மதம் நினைவுக்கு வருகிறது. அரசியலமைப்பின் பொதுப்பட்டியலையும் ‘ஒத்திசைவுப் பட்டியல்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அரசு ஆவணத்தில் வரவேண்டிய சொல்லுக்கு இத்தகைய நிழல்கள் வேண்டாம்.

என் தேர்வு ‘இயைபு’. வேறுவேறாக நின்றபடியே ஒன்றோடொன்று பொருந்தி வருவதை இது குறிக்கிறது. வணிக அமைச்சகம் வணிக அமைச்சகமாகவே இருக்கலாம், உதவித் துறையோடு இணைய வேண்டியதில்லை. அதன் முடிவுகள் இயைந்தால் போதும். இது யாப்பிலக்கணச் சொல், பொதுமக்களுக்குப் புரியாது என்ற மறுப்பை ஏற்பதற்கில்லை. அடிகளின் இறுதி ஒன்றிவருவது இயைபுத் தொடை என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று மேடைதோறும் முழங்குகிறோம்.

‘டெவலப்மென்ட்’டுக்கு இலங்கையில் ‘அபிவிருத்தி’ என்பது ஊன்றிவிட்ட வழக்கு. அங்கே அதை மாற்றச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் எழுதுவோர் ‘வளர்ச்சி’யை விட ‘மேம்பாடு’ என்பதைக் கொள்வது நல்லது, ஏனெனில் உற்பத்திப் பெருக்கத்தையும் வளர்ச்சி என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோம். ஆக முழுத் தொடர், ‘மேம்பாட்டுக்கான கொள்கை இயைபு’.

எதிர்ச்சொல்லை அமைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். ‘ஒருங்கிணைப்பின்மை’ என்றால் அதிகாரிகள் கூடிப் பேசவில்லை என்று பொருள். இன்னொரு குழு அமைத்துச் சமாளித்துவிடலாம். ‘கொள்கை இயைபின்மை’ என்றால் கொள்கையிலேயே முரண் இருக்கிறது என்று பொருள்; மானியத்தைக் குறைப்பதா இல்லையா என்ற கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.