வலுவேறாக்கம்

இலங்கையில் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். தமிழ்நாட்டில் இதையே ‘அதிகாரப் பிரிவினை’ என்று எழுதுகிறோம். சட்டம் இயற்றுவது, அதை நடைமுறைப்படுத்துவது, வழக்கைத் தீர்ப்பது ஆகிய மூன்று வேலைகளும் ஒரே கையில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் பொருள்.

ஆங்கிலத்தில் ‘செபரேஷன் ஆஃப் பவர்ஸ்’. செபரேஷனின் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘செ’ என்றால் தனியே, ‘பராரே’ என்றால் ஆயத்தப்படுத்துதல். பவர் என்பதும் ‘இயலுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. இந்தக் கருத்தை உலகறியச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் மோந்தெஸ்கியூ. 1748இல் வந்த தம் நூலில் அவர் வற்புறுத்தியது, அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்தும்படி அரசு அமைய வேண்டும் என்பது. ஆளுக்கொரு அறை ஒதுக்குவதோடு அவர் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதனால்தான் ‘பிரிவினை’ எனக்கு ஒட்டவில்லை. பாகப்பிரிவினை என்றால் நடுவில் சுவர் எழுப்பி அவரவர் வழியைப் பார்ப்பது. 1947இன் நினைவும் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது. அரசின் மூன்று துறைகளும் அப்படிப் பிரிந்து போக முடியாது. ஒன்றின் கை இன்னொன்றின் கடிவாளத்தில் இருந்தாக வேண்டும். வேறாக்கம் என்பது ஒன்றிலிருந்து ஒன்றை வேறாகத் தெரியச் செய்வது மட்டுமே. ‘வலு’வும் நல்ல தேர்வு. வல்லவன், வல்லமை, வலிமை எல்லாம் அதன் உறவுகள். பவரின் ‘இயலுதல்’ பொருளுக்கும் அது அருகில் நிற்கிறது.

சரி, வேறாக்கினால் அதிகாரம் கட்டுப்படுமா? சொல் புழங்கும் இலங்கையையே பார்க்கலாம். 1978 அரசியலமைப்பின் 4ஆவது உறுப்புரை சட்டமாக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கும், நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதிக்கும் தருகிறது. நீதி அதிகாரத்தையோ பாராளுமன்றமே நீதிமன்றங்களின் வாயிலாகச் செலுத்தும் என்கிறது. வேறாக்கம் அங்கேயே கலங்கிவிட்டது.

அதன் விளைவு 2013இல் தெரிந்தது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் (உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட விசாரணைக் குழு) முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. பாராளுமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்ற வாக்குகளில் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த இரண்டு நாளில் ஜனாதிபதி அவரை நீக்கினார். இரண்டு துறைகள் கைகோத்தால் மூன்றாவது தனித்து நின்று தாங்க முடியவில்லை.

2018இல் நடந்தது வேறு. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நவம்பர் 9ஆம் தேதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஆனால் 2015இல் வந்த 19ஆவது திருத்தம், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் இல்லாமல் முதல் நாலரை ஆண்டுக்குள் கலைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதி வைத்திருந்தது. டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்கள். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: அங்கே உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்.) ஜனாதிபதி அடங்கினார். இந்த முறை பாராளுமன்றப் பெரும்பான்மையும் அவருக்கு எதிரே நின்றது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு தெளிவான வரியும் இருந்தது, பக்கத்தில் நிற்க இன்னொரு துறையும் இருந்தது.

இப்படி ஒன்றை ஒன்று தடுப்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் ‘தடைகளும் சமன்பாடுகளும்’ என்று பெயர். சமன்பாடு என்றதும் கணக்குப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. ‘தடுப்பும் சமநிலையும்’ என்றால் இன்னும் தெளிவு.

அப்புறம், செய்திகளில் அடிக்கடி கலந்துவிடும் ஒரு சொல்: அதிகாரப் பகிர்வு. கொழும்புக்கும் மாகாண சபைகளுக்கும் இடையே, 1987இன் 13ஆவது திருத்தத்தையொட்டிப் பேசப்படுவது அது. அங்கே அதிகாரம் மத்தியிலிருந்து மாகாணத்துக்குப் போகிறது. ஒரே அரசின் மூன்று துறைகளைப் பற்றிப் பேசும்போது பகிர்வு என்று எழுதக் கூடாது. வலுவேறாக்கம் என்றே எழுதலாம்.