ஒத்தையா ரெட்டையா: ஒரு வீட்டு சர்வருக்குள் நடப்பது

அக்கா கல்யாண போட்டோ ஒன்றைத் திறந்தேன். மேல் பாதியில் மணமேடை, மாலை, அம்மாவின் நெற்றி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஃபைலின் அளவும் தேதியும் அப்படியே இருந்தன. எப்போதோ உள்ளே எங்கோ சில பிட்டுகள், அதாவது தகவலாகப் பதிந்திருக்கும் 0, 1-கள், புரண்டிருக்கின்றன. டிஸ்க் செத்துப்போனால் அது நமக்குத் தெரிந்துவிடும். இப்படி வாய்கூசாமல் பொய் சொல்லும் டிஸ்க்கை என்ன செய்வது? வீட்டு ஃபைல்களை எல்லாம் வைத்து, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றை, அதாவது வீட்டுக்கென்று ஒரு சர்வரை, கட்ட நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இப்போது டிவி மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டி மிக்ஸியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே 17 செ.மீ. சதுரத்தில் ஒரு மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு. அதிலேயே பற்றவைத்து வரும் இன்டெல் என்100 பிராசஸர், நான்கு கோர். 16 ஜிபி ராம். 4 டெராபைட் டிஸ்க் நான்கு. போதாததற்குச் சின்னதாக, சுழலும் தட்டே இல்லாத ஒரு எஸ்எஸ்டி. முதலில் பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக ஓடவிட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுத்தது. இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். 2016-இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசம் என்று அறிவித்த அளவு முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடும். புதுப் பெட்டி 35 வாட் சுமாருக்கு நிற்கிறது. அதிலும் பாதிக்கு மேல் டிஸ்க்குகள் சுழல்வதற்கே போகிறது.

சரி, நான்கு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டுவது எப்படி? 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து, இப்படிக் கட்டும் முறைக்கு வந்த பெயர்தான் ரெய்டு. அதற்குள் இருக்கும் கணக்கோ, சின்ன வயதில் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு விளையாடிய ஒத்தையா ரெட்டையா.

மூன்று டிஸ்க்கில் வரிசையாக 1, 1, 0 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது டிஸ்க் ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்கிறது: ஒன்றுகளின் எண்ணிக்கை ஒத்தையா, ரெட்டையா? இங்கே இரண்டு ஒன்றுகள், ரெட்டை. எனவே 0 என்று எழுதிவைக்கிறது. நாளைக்கு இரண்டாவது டிஸ்க் செத்துப்போகிறது. மிச்சம் இருப்பது 1, ஒரு ஓட்டை, 0. குறிப்பு ரெட்டை என்கிறது. அப்படியானால் காணாமல் போனது 1 ஆகத்தான் இருக்க வேண்டும். இதையே ஒவ்வொரு பிட்டுக்கும் செய்துகொண்டே போனால் செத்த டிஸ்க் முழுவதும் புது டிஸ்க்கில் எழுந்து வந்துவிடும். 16 டெராபைட்டுக்குக் காசு கொடுத்து 12-ஐப் பயன்படுத்துகிறோம். மிச்சம் நான்கு இந்த விளையாட்டுக்கான பந்தயம். (நிஜத்தில் குறிப்பை ஒரே டிஸ்க்கில் வைப்பதில்லை. நான்கிலும் மாறி மாறி எழுதுவார்கள்.)

ஆனால் என் சாம்பல் போட்டோவுக்கு இந்த வித்தை உதவியிருக்காது. நான்கு டிஸ்க்கும் உயிரோடு இருக்கின்றன, ஒன்று மட்டும் தப்பான பிட்டைத் தருகிறது என்றால், கணக்கு இடிக்கிறது என்பதுவரைதான் ஒத்தை ரெட்டைக்குத் தெரியும். யார் பொய் சொன்னது என்று தெரியாது. சாதாரண ரெய்டு பெரும்பாலும் படிக்கும்போது அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதே இல்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001-இல் உருவாக்கத் தொடங்கிய இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் அது ஒரு செக்சம், அதாவது கைரேகை மாதிரி ஓர் எண், கணக்கிட்டு வைக்கிறது. அதை எங்கே வைக்கிறது என்பதில்தான் சூட்சுமம். தகவலுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே கெடலாம். அதனால் அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டும் மேல்நிலைத் துண்டில் வைக்கிறது. அந்த மேல்நிலைத் துண்டின் கைரேகை அதற்கும் மேலே. படிக்கும்போது கைரேகை பொருந்தாவிட்டால், 'முதல் டிஸ்க் பொய் சொல்கிறது' என்று வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அடுத்த டிஸ்க்கைச் சந்தேகப்படும். எந்தக் கணக்கில் கைரேகை ஒத்துப்போகிறதோ அதை நமக்குத் தந்துவிட்டு, கெட்ட இடத்தையும் திருத்தி எழுதும். கொடுத்த காசுக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி இதுதான்.

ஒரு பயமுறுத்தல் கணக்கும் உண்டு. பல டிஸ்க்குகளின் விவரத்தாளில், ஒரு கோடி கோடி பிட் படித்தால் படிக்கவே முடியாத பிழை ஒன்று வரலாம் என்று இருக்கும். அது 12.5 டெராபைட். டிஸ்க் நிரம்பியிருக்கும்போது என் பெட்டியில் ஒன்று செத்தால், மீட்க மிச்சம் மூன்றிலிருந்து 12 டெராபைட் படிக்க வேண்டும்! நடைமுறையில் டிஸ்க்குகள் அவ்வளவு மோசமில்லை. தவிர, அந்த நேரத்தில் ஓர் இடம் படிக்காமல் போனால் இசட்எஃப்எஸ் அந்த ஒரு ஃபைலின் பெயரைச் சொல்லிவிட்டு மற்றதை மீட்டுவிடும்.

அடுத்தது எதிர்த்திசை வித்தை: ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டுவது. பெட்டியை நிர்வகிக்கும் மென்பொருள்தான் ஹவுஸ் ஓனர்; உள்ளே ஓடும் விண்டோஸ், லினக்ஸ் மாதிரியான சிஸ்டங்கள் போர்ஷன் போர்ஷனாகக் குடித்தனம். ஒவ்வொரு குடித்தனக்காரருக்கும் வீடு முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பு இருக்க வேண்டும். சமைக்கலாம், படுக்கலாம், அதற்கெல்லாம் ஓனர் வரத் தேவையில்லை. மெயின் சுவிட்சில் கை வைத்தால் மட்டும் ஓனர் அறையில் மணி அடிக்க வேண்டும். அவர் வந்து அந்த போர்ஷனுக்கு மட்டும் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போவார். 1974-இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் வகுத்த நிபந்தனையின் சாரம் இதுதான்.

ஐபிஎம்மின் பெரிய கணினிகள் 1960-களிலேயே இப்படிக் குடித்தனம் வைத்தன. நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 பிராசஸரில்தான் சிக்கல். அதில் 17 கட்டளைகளுக்கு மணி இல்லை. உதாரணமாக, பாப்எஃப் என்ற கட்டளை. 'இனி என்னை யாரும் குறுக்கிடக் கூடாது' என்று குடித்தனக்காரர் அந்த சுவிட்சைத் தட்டினால் எதுவும் நடக்காது; ஓனருக்கும் தகவல் போகாது. தட்டியவர் மட்டும் நடந்துவிட்டதாக நம்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். கதை கந்தல். விஎம்வேர் நிறுவனம் 1999-இல் இதை முரட்டு உழைப்பால் சமாளித்தது: உள்ளே ஓடும் சிஸ்டத்தின் கட்டளைகளை முன்கூட்டியே படித்து, வில்லங்கமானவற்றை ஓட ஓட மாற்றி எழுதியது. 2005-இல் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் பிராசஸரிலேயே மணியை வைத்துவிட்டன. 2007-இல் அந்த மணியைப் பயன்படுத்திக் குடித்தனம் வைக்கும் கேவிஎம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்தது. என் பெட்டியில் குடித்தனங்களை நிர்வகிக்க நான் போட்டிருக்கும் பிராக்ஸ்மாக்ஸ் அதன் மேல்தான் நிற்கிறது.

பிராசஸரைப் பங்கிடுவது சுலபம். ஆளுக்குக் கொஞ்ச நேரம். ராம் அப்படியல்ல. ஒரு மெய்நிகர் கணினிக்கு, அதாவது ஒரு போர்ஷனுக்கு, 4 ஜிபி கொடுத்தால் ஏறக்குறைய அந்த அறை பூட்டியாகிவிட்டது. அதனால் சினிமா, பாட்டு எல்லாம் டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின்னுக்குத் தனி போர்ஷன் கொடுக்காமல் கண்டெய்னரில் வைத்திருக்கிறேன். அது திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி: அறை தனி, குழாயடி பொது. எல்லோருக்கும் ஒரே கெர்னல். விண்டோஸ் வேண்டும், சோதனைக்கு வேறொரு சிஸ்டம் வேண்டும் என்றால் முழு போர்ஷன்தான்.

ஆரம்பத்தில் மெய்நிகர் கணினிகளையும் அந்த நான்கு டிஸ்க்கிலேயே வைத்தேன். தப்பு. சினிமா ஃபைலை டிஸ்க் வரிசையாகப் படிக்கிறது. அதில் அதன் வேகம் ஜிகாபிட் நெட்வொர்க்கையே மிஞ்சும். சிஸ்டங்களோ இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று எழுதும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. தேடிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, ஊசி நகர இன்னும் சில மில்லி செகண்டு. கூட்டிப் பார்த்தால் செகண்டுக்கு நூறு தடவைகூடத் தாவ முடியாது. ஒத்தை ரெட்டை கணக்குக்காக நான்கு டிஸ்க்கும் சேர்ந்தே நகர வேண்டியிருப்பதால், தாவும் விஷயத்தில் நான்கும் சேர்ந்து ஒரு டிஸ்க்குக்குத்தான் சமம். சின்ன எஸ்எஸ்டி வந்தது இதற்காக.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இசட்எஃப்எஸ் எல்லாத் துண்டுகளின் கைரேகையையும் தானாகவே சரிபார்க்கிறது. ஒரு மாதம் மூன்றாவது டிஸ்க்கில் பிழைகள் என்று சொல்லி, திருத்தியும் வைத்திருந்தது. புது டிஸ்க்குக்கு விலை விசாரித்துவிட்டேன். அப்புறம் பெட்டியைத் திறந்தால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் லூஸ். தள்ளிச் சொருகியதோடு சரியாகிவிட்டது.

தெரியாமல் ஒரு ஃபைலை அழித்தால் ரெய்டு நான்கு டிஸ்க்கிலும் பொறுப்பாக அழித்துவிடும் என்பதால், அண்ணன் வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அந்தச் சாம்பல் போட்டோவும் சர்வரில் இருக்கிறது. கெட்ட பிறகுதான் உள்ளே போனது. இசட்எஃப்எஸ்ஸைப் பொறுத்தவரை அதுதான் அசல். மாதாமாதம் அந்தச் சாம்பலில் ஒரு பிட்கூட மாறவில்லை என்று சரிபார்த்துச் சொல்கிறது.